கடைசி 30 கஜம்

பிஜிஏ டூரில் ஆடுகிறவர்கள்கூட ஒரு சுற்றின் 18 கிரீன்களில் சராசரியாகப் பன்னிரண்டைத்தான் கணக்குப்படி பிடிக்கிறார்கள். மற்ற ஆறு முறை பந்து ஓரப் புல்லிலோ மணலிலோ சரிவிலோ கிடக்கிறது. அந்த ஆறில் மூன்று நான்கு முறை, அடுத்த இரண்டு அடியில் குழியில் போட்டு பாரைக் காப்பாற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். வாரக் கடைசியில் ஆடும் நமக்குக் கணக்கு தலைகீழ். நாலு கிரீன் பிடித்தால் அது நல்ல நாள். மிச்சம் பதினாலு முறை கிரீனுக்கு வெளியே நின்றுகொண்டு என்ன செய்கிறோம்?

ஷார்ட் கேம்தான் எல்லாம் என்ற பழைய பல்லவியை நான் பாடப்போவதில்லை. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, ஏராளமான அடிகளை ஒவ்வொன்றாக அலசி 2014-இல் ஒரு புத்தகம் போட்டார். நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரான ஆட்டக்காரருக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 100 கஜத்துக்கு அப்பாலிருந்து அடிப்பதில்தான் வருகிறது என்று அதில் காட்டினார். அவர் சொல்வது சரி. ஆனால் 100 கஜத்துக்கு அப்பால் முன்னேற உடல் வலு வேண்டும், வயது ஒத்துழைக்க வேண்டும், மணிக்கணக்கில் ரேஞ்சில் நிற்க வேண்டும். கிரீன் ஓரத்தில் இதில் எதுவும் வேண்டாம். அறுபது வயதுக்காரர் இருபது வயதுக்காரரைத் தோற்கடிக்கக்கூடிய ஒரே இடம் அதுதான்.

நம் போன்றவர்கள் அங்கே அடிகளை இழப்பது, குழிக்குப் பக்கத்தில் போடத் தெரியாததால் அல்ல. பந்துக்குப் பின்னால் தரையை வெட்டி பந்து இரண்டடி நகர்கிறது. ஆத்திரத்தில் அடுத்த அடி பந்தின் மண்டையில் பட்டு, கிரீனைத் தாண்டி எதிர்ப்பக்க பங்கருக்குள் போகிறது. ஐந்தில் முடிய வேண்டிய குழி எட்டில் முடிகிறது. எனவே இந்த அத்தியாயத்தின் குறிக்கோள் மிகச் சிறியது: எங்கே கிடந்தாலும் ஒரே அடியில் பந்து கிரீன்மேல் வந்துவிட வேண்டும். பக்கத்தில் நிற்பது அதற்குப் பிறகு வரும் பேச்சு.

(வலக்கைக்காரர்களை வைத்து எழுதுகிறேன். இடக்கைக்காரர்கள் இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.)

உருட்ட முடிந்தால் தூக்க வேண்டாம்

கிரீன் ஓரம் வந்ததும் பலரின் கை தானாக சாண்ட் வெட்ஜை எடுத்துவிடுகிறது. தொலைக்காட்சியில் பார்த்த பழக்கம். பந்து உயரே எழும்பி, விழுந்த இடத்திலேயே அமர்ந்தால் அழகுதான். ஆனால் உயரே போகிற பந்துக்கு நீளமான ஸ்விங் வேண்டும்; ஸ்விங் நீண்டால் பிசகும் கூடும்.

2014 யு.எஸ். ஓப்பன் வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் மைதானத்தில் நடந்தது. டொனால்ட் ராஸ் வடிவமைத்த அதன் கிரீன்கள் கவிழ்த்துப் போட்ட தாம்பாளம் போல நடுவில் புடைத்து ஓரத்தில் வழியும். ஓரத்தில் விழுந்த பந்து உருண்டு கீழே இறங்கிவிடும். அங்கே ஜெர்மனியின் மார்ட்டின் கைமர், கிரீனைத் தவறவிட்ட இடங்களில் வெட்ஜை விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப பட்டரையே எடுத்தார். சரிவின் அடியிலிருந்து மேலே தள்ளி உருட்டினார். எட்டு அடி வித்தியாசத்தில் கோப்பை அவருக்கு. யு.எஸ். ஓப்பனை வெல்கிறவருக்கே இதில் கூச்சம் இல்லையென்றால், நமக்கு எதற்கு? உங்கள் கேடி “பட்டர் எடுங்க சார்” என்று சொன்னால் அவர் உங்களைக் குறைத்து எடைபோடவில்லை. தினமும் நூறு வெட்ஜ் அடிகள் வீணாவதைப் பார்க்கிறவர் அவர்.

பட்டருக்கு வேண்டியது இரண்டு: இடையில் உள்ள புல் குட்டையாக இருக்க வேண்டும், ஈரமில்லாமல் இருக்க வேண்டும். வேகத்துக்கு என் கணக்கு இது: கிரீனுக்கு வெளியே உள்ள ஒவ்வொரு காலடியையும் இரண்டாக எண்ணிக்கொள்ளுங்கள். மூன்று காலடி ஓரப் புல், பத்துக் காலடி கிரீன் என்றால் பதினாறு காலடி பட்டாக நினைத்து அடிக்கலாம். புல் எதிர்த்து நின்றால் இன்னும் கொஞ்சம் சேர்க்கவும்.

விழும் இடம் முதலில், கிளப் பிறகு

பட்டர் ஒத்துவராத இடத்தில் சிப். சிப் என்றால் பந்து கொஞ்ச தூரம் பறந்து, நிறைய தூரம் உருள்வது. இங்கே பெரும்பாலோர் வரிசையை மாற்றிவிடுகிறார்கள். முதலில் கிளப்பை எடுத்து, பிறகு குழியைப் பார்த்து, ஏதோ ஒரு வேகத்தில் அடிக்கிறார்கள். குழியைப் பார்த்து அடிப்பது பட்டிங்குக்குச் சரி. சிப்பில் பார்க்க வேண்டியது பந்து முதலில் விழப்போகும் இடத்தை.

அந்த இடம் கிரீனுக்குள் ஒரு கஜமாவது தள்ளி இருக்கட்டும். ஓரப் புல்லில் விழும் பந்து எப்படிக் குதிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கிரீனில் விழுந்தால் ஓரளவு சொல்லலாம். இடம் சமமாகவும் இருக்க வேண்டும். மேட்டின் முகத்தில் விழுந்தால் நின்றுவிடும், சரிவில் விழுந்தால் ஓடிவிடும்.

இடத்தைத் தீர்மானித்த பிறகுதான் கணக்கு. பந்திலிருந்து அந்த இடம்வரை எத்தனை காலடி, அங்கிருந்து குழிவரை எத்தனை காலடி என்று நடந்தே பாருங்கள். பறப்பது ஒரு பங்கு என்றால் உருள்வது எத்தனை பங்கு? அதைப் பன்னிரண்டிலிருந்து கழித்தால் கிளப்பின் எண் கிடைக்கும். ஆங்கிலப் புத்தகங்களில் ‘ரூல் ஆஃப் 12’ என்று வரும் கணக்கு இதுதான். இதில் பிட்ச்சிங் வெட்ஜைப் பத்தாகவும் சாண்ட் வெட்ஜைப் பதினொன்றாகவும் வைத்துக்கொள்ள வேண்டும்.

உதாரணமாக, பந்து கிரீன் விளிம்பிலிருந்து இரண்டு காலடி வெளியே கிடக்கிறது. விளிம்புக்குள் ஒரு காலடியில் விழவைக்க நினைக்கிறீர்கள்: பறப்பது மூன்று. அங்கிருந்து குழிக்கு ஒன்பது. ஒன்றுக்கு மூன்று. பன்னிரண்டில் மூன்று போனால் ஒன்பது, ஆக 9-ஆம் அயர்ன். அதே இடத்திலிருந்து குழி இன்னும் ஆறு காலடி தள்ளி இருந்தால் ஒன்றுக்கு ஐந்து; 7-ஆம் அயர்ன். பந்து நான்கு காலடி வெளியே, குழியோ விளிம்பிலிருந்து ஐந்தே காலடியில் என்றால் பறப்பது ஐந்து, உருள்வது நான்கு. இது ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று; இங்கேதான் சாண்ட் வெட்ஜுக்கு வேலை.

மூன்று சிப்புக்கும் கையின் வேலை ஒன்றுதான். நீங்கள் அடிப்பது விழும் இடத்துக்கு. உருட்டுவதை லாஃப்ட் பார்த்துக்கொள்ளும். ஒரே வெட்ஜை வைத்துக்கொண்டு ஐந்து விதமாக அடிக்கப் பழகுவதைவிட ஒரே அடியை ஐந்து கிளப்பால் அடிப்பது எளிது என்பது என் உறுதியான கட்சி. ஒரே வெட்ஜில் அற்புதம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்கள் அதற்காகச் செலவிட்ட நேரம் நம்மிடம் இல்லை.

இந்தக் கணக்கு சமதளமான, நடுத்தர வேகமுள்ள கிரீனுக்கு. ஏற்றமாக இருந்தால் ஒரு கிளப் லாஃப்ட் குறைத்து எடுங்கள், இறக்கமாக இருந்தால் ஒரு கிளப் கூட்டி எடுங்கள். மழை பெய்து கிரீன் ஊறியிருந்தால் ஏற்றமாகவே எண்ணிக்கொள்ளலாம்.

அடிக்கும் விதம்

1938 பிஜிஏ சாம்பியன்ஷிப்பின் இறுதியாட்டம் பென்சில்வேனியாவின் ஷானியில். ஒரு பக்கம் சாம் ஸ்னீட், அந்தக் காலத்தில் மிக நீளமாக டிரைவ் அடித்தவர்களில் ஒருவர். மறுபக்கம் பால் ருன்யன். குள்ளமான மெலிந்த மனிதர். டிரைவில் ஸ்னீடுக்குப் பல கஜம் பின்னால் நிற்பவர். 36 குழி ஆட்டம் 29-ஆவது குழியிலேயே முடிந்துவிட்டது. ஏழு குழிகள் மீதமிருக்க எட்டுக் குழி முன்னிலையில் ருன்யன் வென்றார். ‘லிட்டில் பாய்சன்’ என்று அவருக்கு வைத்த பெயர் பொருத்தமானதுதான். கிரீன் ஓரத்தில் அவர் கையாண்டது கிட்டத்தட்ட பட்டிங் அடி. பந்துக்கு நெருங்கி நின்று, ஷாஃப்டை நிமிர்த்தி, கிளப்பின் ஹீல் பக்கம் தரையை விட்டு லேசாகத் தூக்கியிருக்க, டோ பக்கத்தால் மட்டும் பந்தைத் தொட்டு, மணிக்கட்டை அசைக்காமல் தோளால் தள்ளுவார். புல்லே இல்லாத கட்டாந்தரையில் கிடக்கும் பந்துக்கு இன்றும் இதைவிடப் பத்திரமான வழி இல்லை. தரையில் படுகிற பரப்பு குறைவாக இருப்பதால் கிளப் மாட்டிக்கொள்வதில்லை.

சாதாரண சிப்புக்கு நிற்கும் விதம்: இரண்டு பாதங்களுக்கும் நடுவே ஒரு ஷூ நுழையும் இடைவெளி போதும். கிரிப்பில் ஓரிரு அங்குலம் இறக்கிப் பிடியுங்கள். பந்து நடுவில், அல்லது நடுவுக்குச் சற்று வலப்பக்கம். உடல் எடையில் மூன்றில் இரண்டு பங்கு இடக்காலில் இருக்கட்டும்; அடித்து முடிக்கும்வரை அது அங்கிருந்து நகரக் கூடாது. கைகள் பந்துக்குக் கொஞ்சம் முன்னால், இடத் தொடையின் உட்பக்கத்துக்கு நேராக.

எடையை ஏன் இத்தனை வலியுறுத்துகிறேன் என்றால், ஸ்விங்கின் மிகத் தாழ்ந்த புள்ளி எடை இருக்கும் பக்கத்துக்கே போகும். எடை இடப்பக்கம் இருந்தால் கிளப் முதலில் பந்தையும் பிறகு தரையையும் தொடும். பந்தை மேலே தூக்கிவிட வேண்டும் என்ற ஆசையில் உடல் வலப்பக்கம் சாய்ந்தால் அந்தப் புள்ளி பந்துக்குப் பின்னால் போய்விடும். பிறகு தரையை வெட்டுவதும் மண்டையில் அடிப்பதும்தான் மிச்சம். இரண்டும் எதிரெதிர்த் தவறுகள் போலத் தெரிந்தாலும் வேர் ஒன்று. பந்தை நீங்கள் தூக்க வேண்டியதே இல்லை. பிட்ச்சிங் வெட்ஜின் முகத்தில் 45 டிகிரி அளவுக்குச் சாய்வு ஏற்கெனவே வைத்துத்தான் விற்கிறார்கள்.

‘கை முன்னால்’ என்பதைக் கேட்டுவிட்டு ஒரேயடியாகத் தள்ளி வைக்கிறவர்களும் உண்டு. அப்போது வெட்ஜின் கூரான முன்விளிம்பு தரையைக் குத்தத் தயாராகிவிடும். ஷாஃப்ட் இலேசாகச் சாய்ந்தால் போதும்.

அடி நெஞ்சிலிருந்து வரட்டும். நெஞ்சு வலப்பக்கம் கொஞ்சம் திரும்பி இடப்பக்கம் திரும்புகிறது. கைகளும் கிளப்பும் கூடவே போகின்றன. முடிக்கும்போது சட்டைப் பொத்தான்கள் குழியைப் பார்க்க வேண்டும், கிளப் தலை முழங்காலுக்குக் கீழே நிற்க வேண்டும். நீளமாகப் பின்னால் இழுத்துவிட்டு, ‘ஐயோ, அதிகம்’ என்று பந்தருகே வேகத்தைக் குறைப்பதுதான் மிகப் பரவலான வியாதி. பின்னால் எவ்வளவோ முன்னாலும் அவ்வளவு.

காலடியில் இருக்கும் புல்

குளிர்நாட்டு ஆசிரியர்கள் எழுதும் பாடங்கள் பெரும்பாலும் பென்ட், ரை போன்ற மென்மையான புல்லை மனத்தில் வைத்தவை. சென்னை, கோயம்புத்தூர் போன்ற சமவெளி ஊர்களில் நாம் ஆடுவது பெரும்பாலும் பெர்முடா வகைப் புல்லில். வேறொன்றுமில்லை, பிள்ளையாருக்குச் சாத்துகிற நம் அருகம்புல்லின் குடும்பம்தான். தரையோடு தண்டு ஓடி, கணுவுக்குக் கணு வேர்விட்டு, விறைப்பாகப் படரும். ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்வதால் அதற்கு ஒரு கிரெய்ன் உண்டு. பந்து அதன்மேல் மிதக்காமல் தண்டுகளுக்கு நடுவே இறங்கி அமர்ந்துகொள்ளும்.

கிரெய்ன் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. நீங்கள் அடிக்கும் திசையில் பார்க்கும்போது புல் வெளிறிப் பளபளத்தால் உங்களோடு சாய்ந்திருக்கிறது; கரும்பச்சையாகத் தெரிந்தால் உங்களை எதிர்த்து நிற்கிறது. சந்தேகமிருந்தால் பந்துக்கு ஓரடி தள்ளி, அதேபோன்ற புல்லில் ஒத்திகை ஸ்விங் ஒன்று போடுங்கள். கிளப் வழுக்கிப் போகிறதா, கொக்கி போட்டு இழுக்கிறதா என்று கைக்கே தெரிந்துவிடும். ஒத்திகை என்பது பெரும்பாலோருக்குக் காற்றில் ஆட்டும் சடங்காக இருக்கிறது. புல்லைத் தொடாத ஒத்திகையால் பயன் எதுவுமில்லை.

எதிர்ப்புல்லில் முன்விளிம்பு மாட்டிக்கொள்ளும். இங்கே கைகளை முன்னால் தள்ளவே கூடாது. ஷாஃப்டைக் கிட்டத்தட்ட நேராக நிறுத்தி, வெட்ஜின் அடிப்பாகம் புல்லை உரசும்படி விடுங்கள். புல் மிகக் குட்டையாக இருந்தால் பட்டர், அதைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தால் ஹைப்ரிட்டைப் பட்டர் போலப் பிடித்து ஒரு தட்டு. பார்ப்பவர் சிரிக்கலாம். ஸ்கோர் கார்டில் எந்தக் கிளப் என்று எழுதுவதில்லை.

கிரீனுக்கும் உங்களுக்கும் நடுவே பங்கரோ குளமோ இருந்தால் தூக்கித்தான் ஆக வேண்டும், அது பிட்ச். கால்கள் தோள் அகலத்தில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக, பந்து சரியாக நடுவில், எடை இடக்காலில் கொஞ்சம் அதிகம், மணிக்கட்டு இயல்பாக மடங்கட்டும். தூரத்தை வேகத்தால் அளக்காமல் பின்ஸ்விங்கின் நீளத்தால் அளப்பது நல்லது. நாசாவில் வேலை பார்த்துவிட்டுப் பயிற்சியாளரான டேவ் பெல்ஸ் இடக்கையைக் கடிகார முள்ளாக நினைக்கச் சொன்னார்: ஏழரை, ஒன்பது, பத்தரை. கிரீன் ஓரத்துக்கு ஏழரையும் ஒன்பதும் போதும். பந்தைச் செங்குத்தாக எழுப்பும் ஃப்ளாப் அடியைப் பற்றி இந்தப் புத்தகத்தில் எதுவும் இல்லை. அதைக் கற்றுக்கொள்ளாமலேயே ஒற்றை இலக்க ஹேண்டிகேப்புக்கு வர முடியும்.

மணல்

மணலிலிருந்து வெளியே வருவதைக் கடினம் என்று நினைப்பவர்கள் சாண்ட் வெட்ஜைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பார்க்காதவர்கள். முன்விளிம்பைவிடப் பின்பக்கம் தாழ்ந்து பருத்திருக்கும். அந்தத் தாழ்வின் கோணம்தான் பவுன்ஸ். வழக்கமாக 10 முதல் 14 டிகிரி. மணலில் கிளப் புதையாமல் வழுக்கிச் செல்ல அதுவே காரணம்.

இன்று நாம் வைத்திருக்கும் சாண்ட் வெட்ஜுக்காக அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரசனுக்குக் கடன்பட்டிருக்கிறோம். விமானி ஹோவர்ட் ஹியூஸோடு விமானத்தில் போனபோது, வால் பகுதி அசைந்ததும் விமானம் எழும்பியதைக் கவனித்தாராம். வீட்டுக்கு வந்து தன் நிப்ளிக் என்ற பழைய காலத்து அயர்னின் பின்பக்கத்தில் ஈயத்தை உருக்கி ஒட்டினார். 1932 பிரிட்டிஷ் ஓப்பனுக்கு அதை எடுத்துப்போனபோது, அதிகாரிகள் கண்ணில் பட்டுத் தடை போட்டுவிடுவார்களோ என்று பையில் தலைகீழாகச் செருகி வைத்திருந்ததாகப் பின்னாளில் சொன்னார். இங்கிலாந்தின் பிரின்ஸஸ் மைதானத்தில் நடந்த அந்தப் போட்டியை வென்றார். அதே ஆண்டு யு.எஸ். ஓப்பனையும் வென்றார்.

அந்த அடிப்பாகத்துக்கு வேலை கொடுக்க வேண்டுமானால் முகத்தைத் திறக்க வேண்டும். முதலில் முகத்தை வலப்பக்கம் திறந்து வைத்து, அதன் பிறகு கிரிப்பைப் பிடியுங்கள். பிடித்த பிறகு கையைத் திருகித் திறந்தால், அடிக்கும்போது கை பழைய நிலைக்குத் திரும்பி முகத்தை மூடிவிடும். பாதங்களைக் குழிக்கு இடப்பக்கம் பார்க்க வைத்து மணலுக்குள் அசைத்துப் பதியுங்கள். இது நிலையாக நிற்க மட்டுமல்ல. மணல் எவ்வளவு ஆழம், எவ்வளவு ஈரம் என்று பாதம் சொல்லிவிடும். கையாலோ கிளப்பாலோ மணலைச் சோதிக்க விதி அனுமதிப்பதில்லை. பந்து இடக் குதிகாலுக்கு நேராக.

அடிக்க வேண்டியது பந்தை அல்ல. அதற்குச் சுமார் 2 அங்குலம் பின்னால் உள்ள மணலை. மணல் எழும்பும்போது பந்தும் கூடவே எழும்பும். நடுவே மணல் இருப்பதால் வேகம் வீணாகும். அதனால் 10 கஜ பங்கர் அடிக்குப் புல்லில் 25 கஜத்துக்கு அடிக்கும் அளவு ஸ்விங் வேண்டும். பயத்தில் பாதியில் நிறுத்தினால் பந்து அங்கேயே உட்கார்ந்திருக்கும். பயிற்சி பங்கரில் ஒரு நீளக் கோடு கிழித்து, அதன்மேல் பந்தில்லாமல் நின்று, கோடு அழியும்படி மணலை மட்டும் கிரீன்மேல் வீசிப் பழகுங்கள். மணல் கிரீனில் விழுந்தால் பந்தும் விழும்.

இரண்டு இடங்களில் இதை மாற்ற வேண்டும். மழைக்குப் பிறகு மணல் இறுகிக் கிடந்தால் பருத்த அடிப்பாகம் தரையில் மோதித் துள்ளி, விளிம்பு நேராகப் பந்தின் நடுவில் அடிக்கும். அப்போது முகத்தைத் திறக்காமல், பவுன்ஸ் குறைந்த கேப் வெட்ஜையோ பிட்ச்சிங் வெட்ஜையோ எடுங்கள். பந்து பாதி புதைந்திருந்தாலும் முகத்தைத் திறக்கக் கூடாது. பந்தைக் கொஞ்சம் வலப்பக்கம் வைத்து, செங்குத்தாக இறக்கி அடியுங்கள். வெளியே வரும், ஆனால் நிற்காமல் ஓடும். ஓட இடமில்லாவிட்டால் குழியை மறந்து கிரீனின் அகலமான பக்கத்தைப் பாருங்கள். உயரமான முன்சுவர் இருந்தால் பின்பக்கமாக வெளியேறுவதும் வெட்கமல்ல. 1978 பிரிட்டிஷ் ஓப்பனில் செயின்ட் ஆண்ட்ரூஸின் 17-ஆவது குழி பங்கரில் ஜப்பானின் டாமி நாகாஜிமா சிக்கி, அந்தக் குழியில் ஒன்பது எழுதினார். அதுவரை அவர் முன்னணிக்காரர்களோடு இருந்தார்.

விதிகளில் இரண்டு. பந்தின் ஒரு சிறு பகுதி கிரீனைத் தொட்டாலும் அது கிரீன்மேல் இருப்பதாகத்தான் கணக்கு. குறியிட்டு எடுத்துத் துடைக்கலாம். ஓரப் புல்லில் அந்தச் சலுகை இல்லை. 2019 முதல் பங்கருக்குள் கிடக்கும் இலை, சுள்ளி, கல் ஆகியவற்றை அகற்றலாம். ஆனால் ஒத்திகை ஸ்விங்கில் மணலைத் தொட்டால் தண்டனை உண்டு.

பழகும் விதம்

முதலில் கிளப்பே வேண்டாம். கிரீன் ஓரத்தில் நின்று பந்தைக் கீழ்க்கையால் குழியை நோக்கி எறியுங்கள். யாரும் சொல்லாமலே பந்தைத் தாழ்வாக விட்டு உருட்டுவீர்கள். கண் தானாக விழும் இடத்தைத் தேடும். அந்த இடத்தில் ஒரு டீயைக் குத்திவைத்து, அடுத்து கிளப்பால் அதே இடத்துக்கு அடியுங்கள். தரையை வெட்டும் பழக்கம் இருந்தால் பந்துக்கு ஓரடி பின்னால் ஒரு துண்டை மடித்துப் போடுங்கள். கிளப் துண்டைத் தொட்டால் எடை வலப்பக்கம் போயிருக்கிறது.

ஒரே இடத்திலிருந்து முப்பது பந்துகளைத் தள்ளுவது பயிற்சி மாதிரித் தோன்றும், ஆட்டத்தில் உதவாது. ஆட்டத்தில் ஒரு இடத்துக்கு ஒரு பந்துதான். எனவே சுற்றில் ஆடும் அதே ரகப் பந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்; ரேஞ்ச் பந்து கிரீனில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். பயிற்சி கிரீனைச் சுற்றி ஒன்பது இடங்களில் அதை எறிந்து, எப்படி விழுந்ததோ அப்படியே, நல்ல இடத்துக்கு நகர்த்தாமல் அடித்து, பட் செய்து குழியில் போட்டு முடியுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் எத்தனை அடி என்று எழுதுங்கள். ஒரு சிப், இரண்டு பட் என்று போனால் மொத்தம் 27. அதுதான் முதல் இலக்கு. 27-க்குள் வருவது வழக்கமாகும்வரை விழும் இடத்தைக் குழிக்கு நெருக்கிக் குறிவைக்க வேண்டாம். ஐந்து என்று எழுத நேர்ந்த இடம் எது, அங்கே எந்தக் கிளப்பை எடுத்தீர்கள் என்று பக்கத்திலேயே குறித்துவைத்து, அடுத்த முறை பயிற்சியை அங்கிருந்து தொடங்குங்கள்.